சால்வை போர்த்துகிற வழக்கம்

வாடகை உடுப்புக் கடை புதிதாகத் திறந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன், வருகிறேன். கல்முனையில் ஏறினால் அக்கரைப்பற்றில் இறங்கும்வரை பிரதான வீதியில் எத்தனை கண்ணாடி அலுமாரி, எத்தனை பொம்மை மாப்பிள்ளை. எல்லாப் பொம்மையின் தோளிலும் ஒரு வெள்ளைச் சால்வை. கரையில் பொன்னூல், மூலையில் குஞ்சம். போன மாதம் உங்களில் ஒருவருடைய கடைக்குள் சும்மா நுழைந்தேன். என்னை ஆரென்று தெரியாத அந்தத் தம்பி, சால்வையை மேசையில் விரித்துப் போட்டு எனக்கே விளக்கம் சொன்னார்.

"இது நம்மட மூத்தவங்க காலத்து வழக்கம், ஹாஜியார். மாப்பிள்ளைட காலக் கழுவின மறுகா மச்சான் சால்வை போத்தித்தான் வீட்டுக்குள்ள எடுப்பாங்க. இது இல்லாமக் கலியாணமே இல்ல."

நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வீதியோரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். தம்பிமாரே, அந்த மூத்தவர்கள் காலம் ஏழு வருடத்துக்கு முந்தியது. அந்த வழக்கம் பிறந்த முற்றத்தில் ஊசி நூல் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அது பிறந்ததற்கு என் பிழையும் ஒரு காரணம். கடையை விட்டு ஒதுங்கிவிட்டேன், இனிச் சொன்னால் என்ன? பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் உங்கள் கண்ணாடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுயரக் கண்ணாடி, சுற்றிவர விளக்கு. மாப்பிள்ளை அதற்கு முன்னால் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து நிற்கிறார். தோழன்மார் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். நீங்களும் "சோக்கா இரிக்கி" என்கிறீர்கள். கண்ணாடி நிற்கிற மனிதனைத்தான் காட்டும். கலியாணத்தன்று அவர் உட்கார்ந்திருக்க வேண்டும், குனிய வேண்டும், வாகனத்தில் ஏறி இறங்க வேண்டும், புரியாணி தின்ன வேண்டும். இதையெல்லாம் கண்ணாடியிடம் கேட்க முடியாது, உங்களிடம்தான் கேட்க வேண்டும். நீங்களோ கண்ணாடியைவிட மோசம். அது பொய் சொல்வதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் கூறை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு, மாப்பிள்ளையின் உடுப்பு பெண் வீட்டுப் பொறுப்பு. ஒரு நாள் போட்டுக் கழற்றுகிற கோட்டுக்கு விலை கொடுத்து என்ன பயன் என்று வாடகைக்கு எடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பொறுப்பு மாறவில்லை. அதனால் மாப்பிள்ளையின் உடுப்பு நன்றாக இருந்தால் மாப்பிள்ளை வடிவு என்பார்கள், கோளாறாக இருந்தால் பெண் வீடு கஞ்சம் என்பார்கள். இந்த நியாயத்தை ஆர் எழுதினார்களோ, பெண் பிள்ளை இல்லாத வீட்டில் இருந்துதான் எழுதியிருப்பார்கள்.

அந்தக் கலியாணத்துக்கு உடுப்புத் தெரிந்தெடுக்க என் கடைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். மாப்பிள்ளை அஸ்மி, ஒரு கந்தோரில் உத்தியோகம். கெட்டவரல்ல. கந்தோர்க் கதிரை கொடுத்த வயிறும், உம்மா சொன்னதைத் தட்டாத குணமும் உள்ள ஒரு சாதுவான பிள்ளை. கூடவே அவருடைய உம்மா, ஐந்து தோழன்மார். எட்டாவது ஆள் றிஸ்மி, பெண்ணின் தம்பி. ஒலுவில் துறைமுகத்தில் தோணிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத வீட்டில் அவன்தான் ஒரே ஆண்பிள்ளை. வந்ததிலிருந்து சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

நான் மாப்பிள்ளைக்கு அளவுநாடாவை எடுத்தேன். உம்மா என் கையைப் பார்த்துவிட்டு, ஆறு பேருக்கும் எடுக்கச் சொன்னார். நான் விளங்காமல் நின்றேன். அவர் றிஸ்மியின் பக்கம் திரும்பினார்.

"எங்கட குடும்பத்தில அப்படித்தான் தம்பி வழக்கம். தோழன்மாருக்கும் பொண்ணு வீடுதான் உடுப்பு."

இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவன் நான். அந்த உம்மாவின் மூத்த மகனுக்கும் நான்தான் உடுப்புக் கொடுத்தேன். அந்தக் கலியாணத்தில் தோழன் என்று ஒருவர்தான் வந்தார், அவரும் தன் சொந்தச் சட்டையில் வந்தார். அந்த வழக்கம் எப்போது பிறந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் பின்னேரம், ஏதோ ஒரு கைபேசிப் படத்தைப் பார்த்தபோது பிறந்திருக்கும். றிஸ்மி ஒரு கணம் நிலத்தைப் பார்த்தான். பிறகு, அவர்கள் கேட்பதைக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னான்.

குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது சும்மாவா? தலைமைத் தோழனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட சப்னாஸ் என்பவர் அதன்பிறகு என் தொழிலைத் தன் கையில் எடுத்தார். அவருடைய கைபேசியில் ஒரு படம். எங்கோ பனி விழுகிற ஒரு மலையில் ஆறு வெள்ளைக்காரர்கள். மாப்பிள்ளைக்குக் கறுப்பு வெல்வெட், தோழன்மாருக்குக் கத்தரிப்பூ நிறம். கோட் இடுப்போடு நிற்க வேண்டும், காற்சட்டை, எங்கள் பேச்சில் களிசான், தோலோடு ஒட்ட வேண்டும். ஆவணி வெயிலில் எங்கள் ஊரில் ஆடுமாடும் நிழல் தேடும். இவர்களுக்கு வெல்வெட்.

வெல்வெட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தபோது அது சரியாகத்தான் இருந்தது. சப்னாஸ் பின்பக்கத் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, இது லூஸ், போட்டோவில் சாக்குப் போலத் தெரியும், உள்ளே பிடியுங்கள் என்றார். பிடித்தால் உட்கார்ந்து இருக்க முடியாது என்றேன். மாப்பிள்ளையின் உம்மா என்னை ஏதோ பட்டிக்காட்டானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாப்பிள்ளை எங்கே இருக்கப் போகிறான், நின்று படம் எடுக்கத்தானே என்றார்.

தம்பிமாரே, அந்த இடத்தில்தான் நான் "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். வாடகைக் கடைக்காரனுக்குத் தெரிய வேண்டிய வார்த்தை அது ஒன்றுதான். தையல் தெரியாவிட்டால் தையல்காரனை வைத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் வைக்க முடியாது. சொன்னால் ஆறு உடுப்பும் எதிர்க் கடைக்குப் போகும் என்று எனக்குப் பயம். "ஓம், பிடிக்கலாம்" என்றேன். கண்ணாடிக்குள் என்னையும் பார்த்தேன், நல்ல மரியாதையான மனிதன் போலத்தான் தெரிந்தேன்.

அவர்கள் போன பிறகு றிஸ்மி பின்தங்கினான். என் முகத்தில் ஏதோ கேள்வியைக் கண்டிருப்பான் போல, தன் அக்காவைப் பற்றித் தானாகவே சொன்னான்.

"ராத்தாக்கு முதல் பேசி வந்த இடம் இப்படி ஒரு சின்ன விசயத்திலதான் குழம்பின, காக்கா. அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் ஒருத்தரும் பொண்ணு கேட்டு எங்கட ஊட்டுப் படலையத் திறக்கல்ல. இந்த முறை அவங்க என்ன கேட்டாலும் நான் ஓம் எண்டுதான் சொல்ற."

நான் தலையாட்டினேன். மச்சான் முறைக்காரன் நீ, வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவப் போகிறவன் நீ, உனக்கு என்ன உடுப்பு என்று நான் கேட்கவில்லை. என் கண்முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள், ஏழு பேரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கலியாணத்தன்று அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ், ஒலுவிலில் பெண் வீட்டில். ஆறு பேருக்கு உடுப்புக் கொடுத்தவன் என்ற முறையில் நானும் ஊசி நூல் பையோடு மாப்பிள்ளை வீட்டாரின் வாகனத்தில் ஏறினேன். வழியெல்லாம் மாப்பிள்ளை ஆசனத்தில் இருக்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, அரைவாசி எழும்பினபடி வந்தார். கல்முனையில் இருந்து ஒலுவில் வரை இப்படி ஒரு மனிதன் வந்தால் அவருக்குக் கலியாண ஆசை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே பெண் வீட்டுக்குப் போனார்களா? இல்லை. கடற்கரைக்குப் போக வேண்டுமாம். கடல் கரையைத் தின்கிறது என்று கொண்டுவந்து கொட்டின கருங்கல் இருக்கிறதே, அதற்கு மேல் ஏறி ஆறு பேரும் ஒரே நேரத்தில் துள்ள வேண்டுமாம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெல்வெட்டுக்குள் மாப்பிள்ளை வேகிறார். அந்தக் கரையில் மீன் கிடைக்காத கவலையோடு நிற்கிற மனிதர்கள் இவர்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வலைகளின் பக்கம் திரும்பினார்கள். முதல் துள்ளலில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று இரண்டாவது துள்ளல். இரண்டாவதில் சப்னாஸின் தலைமயிர் கலைந்துவிட்டது என்று மூன்றாவது.

மூன்றாவது துள்ளலில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மிகச் சிறிய சத்தம், ஒரு நூல் அறுகிற சத்தம். வேறொருவருக்கும் கேட்டிருக்காது. நான் மாப்பிள்ளையை வாகனத்துக்குப் பின்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டேன். நேரம் போய்விடும், பிறகு பாருங்கள் என்றார் சப்னாஸ். நானும் விட்டுவிட்டேன். பிழையை ஒருதரம் விட்டவனுக்கு இரண்டாம்தரம் விடுவது எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பெண் வீட்டு வாசலில் றிஸ்மி நின்றான். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரன், இரண்டும் பழையவை, நன்றாகத் தோய்த்து மடிப்புக் குலையாமல் இருந்தன. தோளில் ஒரு வெள்ளைச் சால்வை. அது மட்டும் புதிது. காலடியில் தண்ணீர்ச் செம்பும் தாம்பாளமும். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுப்பதும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவதும் எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். இப்போது பல வீடுகளில் விட்டுவிட்டார்கள். இந்த உம்மாவுக்கு உடுப்பு மட்டும் வெள்ளைக்கார மலையில் இருந்து வர வேண்டும், கால் கழுவுவது மூத்தவர்கள் செய்தபடியே நடக்க வேண்டும்.

அதையாவது நிலத்தில் வைத்துச் செய்திருந்தால் தப்பியிருப்போம். வீடியோக்காரர் கால் தெரியவில்லை என்று எங்கிருந்தோ ஓர் உயரமான முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். அதில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். மாப்பிள்ளை ஒருதரம் உம்மாவைப் பார்த்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

சீலைக் கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டிருப்பீர்கள்தானே, அதே சத்தம். இடுப்புப் பட்டியில் இருந்து கீழ்வரை. றபான் மேளம் அடிக்கிறவர்கள் அந்த நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. மூன்று பேருக்குத்தான் தெரியும். கிழிந்த மனிதருக்கு, அவர் காலடியில் குந்தியிருந்த றிஸ்மிக்கு, எனக்கு. கோட் இடுப்போடு நிற்கிறது. அவருக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற நான்தான் இப்போதைக்கு மறைப்பு, மாப்பிள்ளை திரும்பினால் தெரியும், ஓரடி வைத்தால் பின்னால் நிற்கிற அறுபது பேருக்கும் தெரியும்.

நிக்காஹ் இன்னும் முடியவில்லை. என் தலைக்குள் அதுதான் ஓடியது. பெண் வீடு கொடுத்த உடுப்பு வாசலிலேயே கிழிந்தது என்று அந்த உம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் சிரிக்கும், மாப்பிள்ளை அவமானத்தில் வாகனத்தில் ஏறுவார், அந்தப் பெண்பிள்ளை உள்ளே கூறையோடு இருந்து அழும். கிழித்தவன் நான். பெயர் கெடுவது றிஸ்மியின் வீட்டுக்கு. என் கால் அசையவில்லை. முப்பது வருட அனுபவம் என்று கடைப் பலகையில் எழுதி வைத்திருந்தவன், ஊசி நூல் பையோடு மரம்போல நின்றேன்.

றிஸ்மி நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். தன் வீட்டை இந்த அளவுக்குக் குனிய வைத்த ஆளின் மானம் இப்போது அவன் கையில். ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், கணக்குத் தீர்ந்திருக்கும். அவன் சிரிக்கவில்லை. காலைக் கழுவித் துடைத்தான், ஒன்றும் நடக்காதவன்போல் ஆறுதலாகத் துடைத்தான். எழுந்து, தோளில் இருந்த சால்வையை எடுத்து உதறி, மாப்பிள்ளையின் இரண்டு தோளையும் மூடி முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி போர்த்தினான்.

மாப்பிள்ளையின் உம்மா முன்னுக்கு வந்தார். இது என்ன புதுசாக என்று கேட்டார்.

"எங்கட குடும்பத்தில அப்படித்தான் மாமி வழக்கம்," என்றான் றிஸ்மி. "காலக் கழுவின ஆள்தான் சால்வை போத்தி உள்ளுக்கு எடுக்கிற."

கடையில் அவர் சொன்ன அதே வார்த்தை. அதைவிடப் பெரிய கூத்து பெண் வீட்டுப் பக்கம். றிஸ்மியின் மாமாமார், சாச்சாமார் ஒரு பத்துப் பேர் நின்றார்கள். ஒருவரும் தம் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனால் சொந்தக் குடும்பத்து வழக்கம் தெரியாதவன் என்று பெயரெடுக்க ஆருக்கு விருப்பம்? ஒருவர் "ஓம் ஓம்" என்றார். இன்னொருவர், இப்போதைய பிள்ளைகள் இதையெல்லாம் மறந்துவிட்டார்கள் என்று பெருமூச்சு விட்டார். ஒரு முதியவர் தன் கலியாணத்திலும் போர்த்தினார்கள் என்று சத்தியம் பண்ணாத குறை. றிஸ்மி மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒட்டி நின்று, இரண்டு கையையும் அவர் தோளில் வைத்து, அறைக்குள் நடத்திக்கொண்டு போனான்.

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. நானும் உள்ளே போனேன். றிஸ்மி கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றான். மாப்பிள்ளை ஒரு சாரனைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் கட்டில் விளிம்பில் இருந்து தைத்தேன். தைத்தாலும் அது தாங்காது, சால்வையைக் கழற்றவே வேண்டாம் என்று சொன்னேன். மாப்பிள்ளை அதைக் கேட்கவில்லை. றிஸ்மியையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், உங்களுக்கு உடுப்பு எடுக்கல்லயா?"

"இதான் மச்சான்," என்றான் அவன்.

மாப்பிள்ளை கோட் பைக்குள் இருந்து மோதிரத்தை எடுத்தார். வாசலில் வீடியோவுக்கு முன்னால் போட வேண்டிய மோதிரம், மறந்தே போயிருந்தது. அதை அந்த அறைக்குள் வைத்து அவன் விரலில் போட்டார். போட்டுவிட்டுக் கையை விடவில்லை. நான் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்வியை மாப்பிள்ளை கேட்டுவிட்டார், நான் கேட்கவில்லை. அளவெடுக்கிற தொழில் என்னுடையது.

நிக்காஹ் முழுக்க மாப்பிள்ளை சால்வையோடுதான் இருந்தார். கறுப்பு வெல்வெட்டின் மேல் வெள்ளைச் சால்வை, பார்க்க உண்மையிலேயே எடுப்பாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. சப்னாஸ் அந்தப் படங்களைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த மாதம் சாய்ந்தமருதில் இருந்து ஒரு குடும்பம் என் கடைக்கு வந்து, சால்வை இருக்கிறதா என்று கேட்டது. பிறகு நிந்தவூர். ஒரு வருடத்துக்குள் கரையில் பொன்னூல் ஏறியது, மூலையில் குஞ்சம் தொங்கியது. இதையெல்லாம்விட நான் ரசித்தது ஒன்று உண்டு. அஸ்மியின் உம்மா தன் கடைசி மகனுக்கு உடுப்பெடுக்கப் பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு வந்தார். சால்வையைத் தொட்டுப் பார்த்து, இன்னும் நல்லது வேண்டும் என்றார். அவர்களுக்கு விளக்கமும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் இது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்றார். நான் இன்னும் விலை கூடினதை எடுத்து விரித்தேன். களிசான் கிழிந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது, மகனும் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், கண்ணாடிக்கு முன்னால் ஓர் உயரமான முக்காலியை வைத்தேன். எந்த மாப்பிள்ளை வந்தாலும் முதலில் அதில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு நிலத்தில் குந்த வேண்டும். மறுத்தவர்களுக்கு உடுப்புக் கொடுக்கவில்லை. எதிர்க் கடைக்குக் கொஞ்சப் பேர் போனார்கள், போகட்டும். அதோடு, அளவெடுத்து முடிந்ததும், ஓரத்தில் நிற்கிறவரைப் பார்த்து உங்களுக்கு என்ன உடுப்பு என்று கேட்கப் பழகினேன். எல்லாக் கூட்டத்திலும் ஓரத்தில் ஒருவர் நிற்பார். உங்கள் கடைகளில் முக்காலியையும் காணவில்லை, அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. சால்வையை மட்டும் கண்டேன்.

நான் கடையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு றிஸ்மி வந்தான். அவனுக்குக் கலியாணம். கூட வந்தது ஒரே ஒரு ஆள், மச்சான் அஸ்மி. பெண் வீட்டார் உடுப்பைத் தெரிந்தெடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் மருமகன் புதிதாகக் கடையில் நின்ற காலம், அவருக்கு இந்தக் கதை தெரியாது. அலுமாரியைத் திறந்து, இருக்கிறதிலேயே விலை கூடின சால்வையை எடுத்து, மாப்பிள்ளைக்கு இது கட்டாயம், நம்முடைய பழைய வழக்கம் என்று றிஸ்மியின் தோளில் போட்டார். அஸ்மி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

றிஸ்மி சால்வையை ஆறுதலாகக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தான். பிறகு கேளாமலே முக்காலியில் காலைத் தூக்கி வைத்தான்.

"சால்வை வேணாம் காக்கா," என்றான் என்னைப் பார்த்து. "இடுப்பு லூசான களிசான் ஒண்டு தாங்க."